போயிட்டு வாறேங்க, தொரை

எங்கள் பச்சைக்கல் தோட்டத்தில் பொழுது சாய்ந்துவிட்டால் இரண்டு வெளிச்சங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும். ஒன்று மேட்டிலே, துரை பங்களாவின் குசினி ஜன்னல். மற்றது பள்ளத்திலே, தொழிலாளர் அறைகள் வரிசையாக ஒட்டிய பணிய லயத்தின் ஐந்தாம் காம்பரா. மேலே குசினியில் சூப்புக் கிண்டுகிறவர் செல்லசாமி அப்பு. கீழே ஈர விறகோடு மல்லுக்கட்டி அடுப்பை ஊதுகிறவள் அவருடைய மனைவி காளியாயி. நடுவில் கிடந்ததெல்லாம் தேயிலையும் பனியும்தான்.

பங்களாவில் சமையலையும் சாப்பாட்டு மேசையையும் பார்த்துக்கொள்கிறவரை அப்பு என்பது எங்கள் இலங்கை மலைநாட்டு வழக்கம். செல்லசாமி மீசை அரும்புகிற வயதில் விறகு பிளக்கப் பங்களாவுக்குள் போனவர். மூன்று துரைமாருக்குச் சமைத்துப் போட்டு, நாலாவது துரையிடமும் இருந்தார். அந்த வேலைக்கு ஒரு சாபக்கேடு உண்டு. விடிகாலையில் துரை கண் விழிக்கும்போது கட்டிலருகே தேநீர் இருக்க வேண்டும். ராத்திரி துரை கடைசி வாய் புடிங்கை விழுங்கும்வரை அப்பு நாற்காலிக்குப் பின்னால் நிற்க வேண்டும். ஆகவே அப்புவின் படுக்கை குசினிக்குப் பின்புறத்து அறையில்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் லயத்துக்கு இறங்கி வருவார். காளியாயி கருவாட்டுக் குழம்பு வைத்திருப்பாள். சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டு, சாயங்காலத் தேநீருக்கு மேலே ஏறிவிடுவார். படியிறங்கும்போது "போயிட்டு வாறேன்" என்பார். வருவது அடுத்த ஞாயிறுதான்.

இப்படியே குடித்தனம் பண்ணி, ஒரு மகளைப் பெற்று வளர்த்து, வலப்பனைப் பக்கம் கட்டிக்கொடுத்தும் ஆயிற்று. இத்தனை காலத்தில் ராச் சோற்றை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை என்றால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். ஐந்தாம் காம்பரா விளக்கு அணைந்தால் அவள் சாப்பிட்டுப் படுத்துவிட்டாள் என்று அவருக்குத் தெரியும். அதைப் பார்த்த பிறகுதான் துரைக்குச் சூப்பு போகும்.

சுதந்திரம் கிடைத்து எட்டொன்பது வருஷம் ஆகியிருந்த சமயம். அந்த ஆடி மாதத்தில் மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. கொழுந்து பறிக்கிற பெண்கள் தலையில் கம்பளியும் இடுப்பில் படங்குச் சாக்குமாக மலையேறி, நனைந்த கோழிகளாக இறங்கி வந்தார்கள். காளியாயிக்குக் காய்ச்சல் கண்டது. ஐந்தாம் காம்பராவில் விளக்கு ஏற்றவே இல்லை. செல்லசாமி ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடந்து நடந்து பார்த்தார். மண்ணெண்ணெய் தீர்ந்திருக்கும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார். பங்களாவில் விருந்தாளிகள் நிறைந்திருந்த வாரம் அது. ஞாயிற்றுக்கிழமை இறங்கி வந்து, சுருண்டு கிடந்தவளைப் பார்த்ததும் அவர் அழுதுவிட்டார். அவர் அழுததை லயத்தில் முதல்முறையாக அன்றுதான் பார்த்தார்கள்.

அவள் எழுந்து நடமாடி, மறுபடி கூடையைத் தலையில் மாட்டிய பிறகு, ஐப்பசியில் ஒரு ஞாயிறு அவர் பேச்சை எடுத்தார்.

"காளியாயி, தீவாளிக்கு நான் வீட்டோட வந்துரலாம்னு பாக்குறேன்."

"வாங்களேன். தொரை லீவு குடுத்தா ரெண்டு நாளு இருந்துட்டுப் போங்க."

"லீவு இல்ல. ஒரேயடியா."

காளியாயி குழம்புச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"மேலுக்கு முடியலையா?"

"மேலுக்கு ஒண்ணுமில்ல. கல்லு மாதிரித்தான் இருக்கேன். நல்லா இருக்கப்பவே வந்துரணும்னுதான்."

"அப்புறம் என்னா?"

"நம்ம தொரை மாசி மாசம் சீமைக்கிப் போறாராம். புதுசா வரப்போறவரு வந்திருந்தாரு. அவருக்குப் பங்களாவச் சுத்திக் காட்டுனாரு. 'இது அடுப்பு, கொஞ்சம் பொகையும். இது அப்பு, நல்லவன்' அப்புடின்னாரு. இங்கிலீசுதான், ஆனா எனக்குப் புரியாதா? இதுக்கு முந்தின தொரைமாரும் இப்புடித்தான் என்னைய ஒப்படைச்சிட்டுப் போனாங்க. அடுப்பாச்சும் பொகைஞ்சு காட்டுது. நான் எஸ் தொரைன்னுட்டு நிக்கிறேன்."

காளியாயிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். புகையாகவும் இருக்கலாம்.

"என் பேர்ல காம்பரா இருக்கு. கையில வேல இருக்கு. ரெண்டு வயித்துக்குப் பத்தாதா? வாங்க" என்றாள்.

செய்தி காதில் விழுந்ததும் பங்களாத் தோட்டக்காரன் அழகன் யோசனை சொல்ல ஓடிவந்தான். அவன் செல்லசாமிக்கு மருமகன் முறை.

"தொரை லேசுல விடமாட்டாரு மாமா. ஒரு நாளைக்கி சூப்புல உப்ப அள்ளிப் போடுங்க. அன்னைக்கே வெரட்டிருவாரு."

"வெரட்டுனா அது அவரு அனுப்புனதாயிரும்டா. நானால்ல வரணும்."

"எப்புடி வந்தா என்னா?"

"உப்பு அள்ளிப் போடச் சொன்னா இந்தக் கை கேக்காது. நான் சொல்லிட்டு வாறேன், மொறையா."

முறையாகத்தான் சொன்னார். தீபாவளிக்கு முந்தின நாள் காலையில் குசினியைக் கழுவி, கத்திகளைத் தீட்டி அடுக்கி, வெள்ளைக் கோட்டின் பித்தளைப் பொத்தான்களைத் துலக்கிப் போட்டுக்கொண்டு, முன்தாழ்வாரமான இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்த துரையிடம் தேநீரைக் கொண்டுபோய் வைத்தார். இந்த துரை பெண்டாட்டி இல்லாத துரை. வெயிலடித்தாலும் மழைக்கோட்டோடு திரிவதால் மழைக்கோட்டுத் துரை என்று தோட்டத்தில் பெயர். பொல்லாதவர் இல்லை. துரைமார் படிப்பதற்கென்றே ஒரு தமிழ்ப் புத்தகம் உண்டு, அதைப் பாடம் பண்ணிப் பரீட்சையும் கொடுத்தவர். அந்தப் புத்தகத்தில் 'வா', 'போ', 'ஏன் வரல்லே' மூன்றும் நன்றாக இருந்திருக்க வேண்டும்.

"தொரை, வயசாயிருச்சுங்க. வீட்டோட இருக்கலாம்னு..."

"வீடு?"

"ஆமாங்க, வீட்டுக்குத்தான். போயிட்டு வாறேங்க, தொரை."

துரையின் முகம் மலர்ந்தது. "ஆ! தீபாவளி! நல்லது, நல்லது. போயிட்டு வா, அப்பு" என்று எழுந்து கையைக் குலுக்கினார். உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னையும் எடுத்து வந்து கொடுத்தார்.

செல்லசாமி டின்னை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். இதைவிட நல்ல வார்த்தை யார் சொல்லி அனுப்புவார்கள்? தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு தேயிலைக்குள் குறுக்கு வழியாக இறங்கினார். துரை கை கொடுத்து அனுப்பினார் என்று லயம் முழுக்க ஒரே பேச்சு.

அன்று ராத்திரி தகரத்தின் மேல் மழை தாளம் போட, ஐந்தாம் காம்பராவில் இரண்டு தட்டு வைக்கப்பட்டது. சோறும் ஆட்டுக்கறியும். பேசுவதற்கு இத்தனை வருஷத்துச் சங்கதி இருந்தது.

"உப்பு சரியா இருக்கா?" என்றாள் காளியாயி.

"இருக்கு" என்றார் செல்லசாமி.

அவ்வளவுதான் பேச்சு. ஆனாலும் அந்தச் சாப்பாட்டைப் பற்றி அவள் மலைநீர் கொட்டும் பீலியடியில் தண்ணீர் பிடிக்கும்போதெல்லாம் வருகிறவள் போகிறவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம்தான் கூத்து. விடிவதற்கு முன்னமே செல்லசாமி எழுந்து, தேத்தண்ணி ஊற்றி, கட்டிலருகே கொண்டுபோய் வைத்து, தொண்டையைச் செருமினார். காளியாயி "ஐயோ, யாரது!" என்று அலறியடித்து எழுந்தாள். பக்கத்துக் காம்பராவிலிருந்து ராக்காயி விளக்குமாற்றோடு ஓடிவந்துவிட்டாள். சாப்பிடும்போதோ அவர் தட்டோடு உட்கார மாட்டார். அவள் முதுகுக்குப் பின்னால் போய் நிற்பார்.

"முன்னால வந்து ஒக்காருங்க. பின்னால நின்னா எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது."

"கால் பழகிப் போச்சு காளியாயி."

"பழகுன காலு மடங்காதா?"

மடங்கியது, கொஞ்சம் கொஞ்சமாக. அடுப்பை மட்டும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. அவள் மலையில் இருந்த நேரத்தில் அவர் நாலு உருளைக்கிழங்கைத் தோலுரித்து, வேகவைத்து, மசித்து, மேலே கோடு கோடாகக் கீறி வைத்தார். காளியாயி வந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, கோலம் போட்டாப்புல. ஆனா இது என் அடுப்பு" என்று சொல்லிவிட்டாள். அவர் விறகு பிளப்பதோடு நிறுத்திக்கொண்டார்.

தீபாவளி கழிந்த வாரம் ஒரு சாயங்காலம் அழகன் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

"மாமா, தொரை கேக்குறாரு, அப்பு எப்ப வரும்னு."

"எப்ப வரும்னா? நான்தான் சொல்லிட்டு வந்தேனே."

"போயிட்டு வாறேன்னுல்ல சொன்னீங்களாம். போனது சரி, வாறது எப்பங்கிறாரு."

செல்லசாமிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் திண்டாடிப் போனார். லயத்து இஸ்தோப்புகளில் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. தீபாவளி லீவில் அப்புவை அனுப்பிவிட்டுத் துரை மேட்டில் வழி பார்த்துக்கொண்டிருக்கிறார். துரை வாழ்த்தி அனுப்பிவிட்டார் என்று அப்பு பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறார். கோபித்துக்கொள்ள ஆளில்லாத தப்பு அது.

ஞாயிற்றுக்கிழமை அவர் ஹட்டனுக்கு பஸ் ஏறினார். பங்களாவுக்குச் சாமான் வாங்குவதற்கென்று காலமெல்லாம் போய்வந்த கடை சரிபுதீன் நானாவுடையது. நாலு பாஷை பேசி வியாபாரம் செய்கிற மனிதர்.

"வாங்க அப்பு. என்ன, வெண்ணெ டின் எடுக்க வரல்லியா? ஒங்கட தொரை டின் மீனத் திண்டுட்டு ஈக்கிறாரு எண்டு கேள்வி."

செல்லசாமி நடந்ததைச் சொன்னார். நானா தராசுத் தட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"வெள்ளக்காரனுக்குக் கடசிச் சொல்லுதான் காதுல ஏறும், அப்பு. வாறேன் எண்டீங்க, அவர் பாத்துட்டு ஈக்கிறார். போறேன் எண்டு ஒரே சொல்லாச் சொல்லிட்டு வாங்களேன்."

"அதெப்புடி நானா? வீட்டுல வெளக்கு எரியிறவன் அந்த வார்த்தைய வாயால சொல்லுவானா?"

நானா சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "அதுவும் சரிதான். நாங்களும் சொல்ல மாட்டோம்" என்று ஒரு பொட்டலம் பேரீச்சம்பழத்தைக் கட்டிக் கொடுத்தார்.

வீட்டில் அந்தப் பேச்சை எடுத்ததுமே காளியாயி காதைப் பொத்திக்கொண்டாள். அவளுடைய தம்பி இந்தியாவுக்கு, சொந்த ஊருக்குப் போனபோது, ஹட்டன் ஸ்டேஷனில் ரயில் நகர்ந்த அவசரத்தில், "போறேன் அக்கா" என்று கத்திவிட்டான். கப்பலேறிப் போனவன் ஊரில் ஒரு பொங்கல் பார்க்கவில்லை. வியாதியில் போனான் என்றார்கள். காளியாயியைக் கேட்டால் அந்தச் சொல்லால் போனான் என்பாள்.

"ஒங்க வாயில அந்த வார்த்தை வரவேணாம். வேற எதாச்சும் சொல்லுங்க."

வேறு எதைச் சொல்வது? வேலையை விட்டுட்டேன் என்று அழகனிடம் சொல்லியனுப்புவது முறையில்லை, விடைபெற லயத்துத் தமிழில் வேறு சொல்லும் இல்லை. செல்லசாமி மேட்டுக்குப் போகாமலே இருந்துவிட்டார். பங்களாவிலிருந்தும் கொஞ்ச நாள் சத்தமில்லை.

கார்த்திகை மழையில் ஒரு நாள் மாலை அழகன் மறுபடியும் வந்தான். இந்தத் தடவை தலையைச் சொறியவில்லை.

"ஆள் வச்சுப் பாத்தாரு மாமா. ரொட்டி கருகிப் போகுது. அவனும் நின்னுட்டான். இன்னைக்கி தொரையே டின் வெட்டப் போயி கைய அறுத்துக்கிட்டாரு. துணியச் சுத்திக்கிட்டு ஒண்டியா ஒக்காந்திருக்காரு."

அவன் போன பிறகு செல்லசாமி காம்பராவுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். பிறகு தகரப் பெட்டியைத் திறந்து வெள்ளைக் கோட்டை எடுத்து மாட்டினார். காளியாயி ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"இன்னைக்கி ஒரு ராத்திரிதான். ஒரு சூப்பு வச்சுக் குடுத்துட்டு..."

"இன்னைக்கி சூப்பு. விடிஞ்சா தேத்தண்ணி. அப்புறம் ஞாயித்துக்கெழமைக்கி நான் கருவாட்டுக் கொழம்பு வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கணும்."

"கைய அறுத்துக்கிட்டாராம்ல?"

"பாவந்தான். நான் இல்லன்னு சொல்லல. எனக்குக் காச்சலடிச்சப்ப நானும் ஒண்டியாத்தான் கெடந்தேன்."

செல்லசாமி கதவருகே நின்றுவிட்டார். காளியாயி மாவுக் கையோடு எழுந்து வந்தாள். அவள் குரல் உயரவில்லை.

"போறதுன்னா போங்க. நான் தடுக்கல. ஆனா இந்தப் படியில எறங்கும்போது என்கிட்ட என்னன்னு சொல்லிட்டு எறங்குவீங்க?"

அவர் வாயைத் திறந்தார். காலமெல்லாம் இந்தப் படியில் சொன்ன சொல்தான். அதைக் கேட்டுக் கேட்டு அவள் எத்தனை சாயங்காலம் இந்த வாசலிலேயே நின்றிருப்பாள் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கோட்டோடு அப்படியே பலகையில் உட்கார்ந்தார்.

அந்த நேரம் பார்த்து லயத்து நாய்களெல்லாம் ஒன்றாகக் குரைத்தன. டார்ச் வெளிச்சம் ஒன்று இஸ்தோப்பில் விழுந்தது. மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட துரை நின்றார். கையில் துணிக்கட்டு. துரைமார் லயத்துக்கு வருவது சுகாதாரம் பார்க்க, அதுவும் பட்டப்பகலில் கணக்கப்பிள்ளையோடு. இப்படி ஒற்றையாய் இருட்டில் வந்து யாரும் பார்த்ததில்லை. பத்துக் காம்பராவின் கதவிடுக்கிலும் தலைகள் தெரிந்தன.

"அப்பு! ஏன் வரல்லே? நீ சொன்னது, போயிட்டு வாறேன். நான் பார்த்தது, பார்த்தது. நீ வரல்லே."

செல்லசாமி துள்ளியெழுந்து கைகட்டி நின்றார். காளியாயிதான் பலகையைத் துடைத்துப் போட்டாள்.

"ஒக்காருங்க தொரை. இவரு போனது போனதுதாங்க. வாறேன்னு சொன்னது... எங்காளுங்க அப்புடித்தாங்க சொல்லுவோம்."

துரை பலகையில் உட்கார்ந்தார். "போறது, ஆனால் வாறேன் சொல்றது?" என்றார். "பொய்?"

"பொய்யில்லீங்க தொரை" என்றாள் காளியாயி. "மரியாத."

துரை அந்தச் சொல்லை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு செல்லசாமியிடம் திரும்பினார்.

"மார்ச் மாசம் நான் போறது. சீமைக்கு. அது வரைக்கும் வா."

"இல்லீங்க, தொரை."

பங்களாவுக்குள் போன நாளிலிருந்து செல்லசாமி ஒரு துரையிடம் சொன்ன முதல் 'இல்லீங்க' அது.

"ஏன்?"

செல்லசாமி மேட்டைக் காட்டினார். மழையில் பங்களா தெரியவில்லை. குசினி ஜன்னல் இருந்த இடத்தில் இருட்டுதான் இருந்தது.

"அங்கருந்து பாத்தா இந்த வெளக்குத் தெரியுங்க. அணைஞ்சா, இது சாப்புட்டுட்டுப் படுத்துருச்சுன்னு அர்த்தம். அதப் பாத்துட்டுத்தாங்க ஒங்களுக்கு சூப்பு கொண்டாருவேன். அப்புடியே பாத்து வயசாயிருச்சு. இனிமே இந்த வெளக்க இங்கருந்து பாக்கணும் தொரை. அம்புட்டுத்தான்."

துரைக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. காம்பராவுக்குள் விளக்கையும் பக்கத்தில் வைத்திருந்த இரண்டு தட்டையும் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்குத் தெரியாது, அப்பு" என்றார். "தெரியாது."

காளியாயி ஒரு தட்டில் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் சுட்ட கருவாடும் வைத்து நீட்டினாள். செல்லசாமியின் கை தானாக எழுந்து தட்டை வாங்கப் போனது. துரையின் இடப்பக்கமாக நகர்ந்தும் விட்டார்.

"நீங்க ஒக்காருங்க" என்றாள் காளியாயி. "இது ஒங்க வீடு."

உட்கார்ந்தார். துரைக்கு எதிரே, கோட்டும் அதுவுமாக உட்கார்ந்தார். துரை கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு மறு கையால் பிய்த்துப் பிய்த்துத் தின்றார். சம்பல் உறைப்பில் மூக்கு சிவந்தது. இன்னொரு ரொட்டி கேட்டு வாங்கினார். டின் மீன் அந்த மனிதரை அப்படிக் காயப் போட்டிருந்தது.

மழை ஓய்ந்ததும் துரை எழுந்தார். செல்லசாமி லாந்தரை எடுத்துக்கொண்டு படிவரை வந்தார். அங்கே நின்றபோதுதான் அவருக்குச் சட்டென்று ஒன்று புலப்பட்டது. இன்று போகிறவர் செல்லசாமி இல்லை. அவர் தன் வீட்டில் நிற்கிறார். போகிறவர் துரை. சொல்வதற்குச் செல்லசாமிக்கு இப்போது சிரமமே இருக்கவில்லை.

"போயிட்டு வாங்க, தொரை" என்றார்.

துரை நின்று ஏதோ யோசித்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டு, "குட் நைட், அப்பு" என்று மேட்டில் ஏறினார். டார்ச் வெளிச்சம் தேயிலைக்குள் வளைந்து வளைந்து போவதை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். செல்லசாமி கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"ஒங்க ரொட்டியத் தொரை தின்னுட்டாரு. இருங்க, ரெண்டு தட்டித் தாறேன்" என்றாள் காளியாயி.

பங்களாவில் அதற்குப் பிறகு அழகன்தான் சமைத்தான். துரை இளைத்துத்தான் போனார். ஆனால் ஆள் அனுப்பவில்லை.

மாசி வெயிலில், முருக்கு மரங்கள் சிவந்து கிடந்த ஒரு காலை, சாமான் ஏற்றிய துரையின் கார் பணிய லயத்தின் ரோட்டில் வந்து நின்றது. துரை இறங்கினார். அன்று ஞாயிறு, ஆகவே லயத்தில் எல்லாரும் இருந்தார்கள். செல்லசாமி இஸ்தோப்பில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். துரை தொப்பியைக் கழற்றினார்.

"அப்பு," என்றார், ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் பிடித்து, "போயிட்டு வாறேன்."

இளவட்டங்கள் சிலர் சிரித்துவிட்டார்கள். சீமைக்கே போகிறவர் எங்கே வரப்போகிறார் என்ற சிரிப்பு. செல்லசாமி சிரிக்கவில்லை. மொச்சைத் தோலை மடியிலிருந்து தட்டிவிட்டு எழுந்து, கும்பிட்டு, "போயிட்டு வாங்க, தொரை" என்றார். கார் வளைவில் திரும்பி மறையும்வரை நின்றார். கண் கலங்கியிருந்தது. அவர் அதை மறைக்கவுமில்லை.

"வருவாரா?" என்று கேட்டாள் காளியாயி.

"எங்க வாறது? மரியாதைக்கிச் சொன்னாரு."

காளியாயி கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்தாள். பிறகு உரித்த மொச்சையை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். போனவள் சோற்றுக்குத் தண்ணீரில்லை என்று குரல் கொடுத்தாள். செல்லசாமி வாளியை எடுத்தார்.

"பீலிக்குப் போயிட்டு வாறேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அடுப்பில் விறகு பிடிக்கும் முன்னமே, வாளி தளும்பத் திரும்பி வந்துவிட்டார்.